வீட்டு சர்வருக்கு டிஸ்க்கும் பேக்கப்பும்: கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டை வரை, வீட்டில் சின்னதாக ஒரு பெட்டி வைத்து ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டியில் பல கணினிகளை ஓட்ட உதவும் மென்பொருள்) போட்டவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். போனில் ஆளுக்கு ஆள் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவைப்பது நல்லது என்று தொகுத்தேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை போகப் போக வரும்.

"அண்ணா, பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு. நேரா உபுண்டு போட்டா போதாதா, எதுக்கு விர்ச்சுவல் மெஷின்?"

ஒரே ஒரு வேலைக்குத்தான் என்றால் உபுண்டு போதும். ஆனால் யாரும் ஒன்றோடு நிற்பதில்லை. முதலில் போட்டோவுக்கு இம்மிச், அப்புறம் படம் பார்க்க ஜெல்லிஃபின், அப்புறம் ஹோம் அசிஸ்டன்ட், கடைசியில் கடைக் கணக்குக்கு விண்டோஸில் டாலி. எல்லாம் ஒரே ஓஎஸ்ஸில் இருந்தால் ஒன்றை அப்டேட் செய்யும்போது இன்னொன்று படுத்துவிடும்.

விஎம் (பெட்டிக்குள் தனி ஓஎஸ்ஸோடு ஓடும் விர்ச்சுவல் மெஷின்), கன்டெய்னர் (அதன் இலகுவான வடிவம்) என்று பிரித்து வைத்தால் ஒவ்வொன்றையும் முழுசாக அப்படியே எடுத்து வேறு பெட்டியில் ஓட்டலாம். பேக்கப் கோணத்தில் பார்த்தால் விர்ச்சுவல் மெஷினின் பெரிய லாபமே இதுதான். ப்ராக்ஸ்மாக்ஸ் ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து வருவது, டெபியன் மேல் கட்டப்பட்டது, சந்தா கட்டாமலும் முழுசாகப் பயன்படுத்தலாம். அதனால் கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை வைத்தே.

"எத்தனை டிபி டிஸ்க் வாங்கணும்?"

டிஸ்க்கைப் பற்றி யோசிக்கும் முன் வீட்டில் இருக்கும் டேட்டாவை மூன்றாகப் பிரியுங்கள். போனால் போனதுதான் என்பவை முதல் வகை: குழந்தைகளின் போட்டோ, கல்யாண வீடியோ, கணக்கு, பத்திரங்களின் ஸ்கேன். உட்கார்ந்தால் திரும்பச் செய்துவிடலாம் என்பவை இரண்டாவது, அதாவது விஎம்களும் அவற்றின் செட்டிங்கும். இணையத்தில் மறுபடி கிடைப்பவை மூன்றாவது, சினிமா மாதிரி. மூன்றாவது வகைக்கு பேக்கப் வேண்டாம். நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் முதல் வகை 1 டிபிகூட வருவதில்லை. 12 டிபிக்கு பேக்கப் எப்படி எடுப்பது என்று மலைத்து ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பாதிக் கவலை போய்விடும்.

வாங்கும்போது, 4 டிபி என்று பெட்டியில் போட்டிருந்தால் சிஸ்டத்தில் சுமார் 3.6 தான் தெரியும். இசட்எஃப்எஸ் பூலை (இசட்எஃப்எஸ் என்ற பைல்சிஸ்டம் டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது. ஆகவே கையில் இருக்கும் 4 டிபி, புழக்கத்துக்கு ஏறக்குறைய 3 டிபி.

"ஓஎஸ், விஎம், போட்டோ எல்லாத்தையும் ஒரே எஸ்எஸ்டில வைக்கலாமா?"

ஓடும், ஆனால் பிரித்து வைப்பதுதான் நல்லது. விஎம் டிஸ்க்குகள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், போட்டோவும் சினிமாவும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கில் நாலு விஎம் ஓடினால் எல்லாமே ஊர்ந்து போகும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது மலிவான க்யூஎல்சி வகையைத் தவிர்த்துவிடுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும், இசட்எஃப்எஸ் அதை இன்னும் கூட்டும். டிபிடபிள்யூ என்று விவரத்தாளில் ஓர் எண் இருக்கும், மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்ற அளவு அது. ஒரே விலையில் இரண்டு இருந்தால் அந்த எண் பெரியதாக உள்ளதை எடுங்கள்.

"சிசிடிவி டிவிஆர்ல இருந்து கழட்டின டிஸ்க் கிடக்கு, போட்டுக்கலாமா?"

சோதனை செய்து பழக தாராளமாகப் போடலாம். முதல் வகை டேட்டாவை அதை நம்பி வைக்காதீர்கள். ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் குறிப்பு) ஓடிய மணி நேரம், ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டு மாற்றப்பட்ட இடங்கள்), பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) மூன்றையும் பாருங்கள். பெண்டிங் பூஜ்யமாக இல்லை என்றால் ஒதுக்கிவிடலாம்.

புதிதாக வாங்குபவர்கள், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு இந்திய வாரன்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்ணைத் துடைத்துவிட்டு புதிது என்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் சீகேட் டிஸ்க்குகளில் வெளிவந்தது. சீகேட்டில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு இருக்கிறது, ஸ்மார்ட்கண்ட்ரோல் கருவியின் 7.4-ம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் அதைப் படிக்கும். இரண்டிலும் மணி நேரம் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் எஸ்எம்ஆர் விஷயம். இந்த வகையில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமைந்திருப்பதால், ஓரிடத்தில் மாற்றி எழுத பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். தனியாக பேக்கப் டிஸ்க்காகப் பயன்படுத்தப் பரவாயில்லை, பூலுக்குள் போட்டால் டிஸ்க் மாற்றும் நாளில் உயிரை வாங்கிவிடும். 2020-இல் டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் சொல்லாமலே எஸ்எம்ஆராக வந்தது தெரிந்து பெரிய சர்ச்சை ஆனது. அதன்பிறகு தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் ப்ளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். மாடல் எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

"மிரர் போடணுமா, ரெய்டுஇசட் போடணுமா?"

வீட்டுக்கு மிரர், அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா. இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றின் இடம்தான் கிடைக்கிறதே என்று மனசு கேட்காதுதான். ஆனால் ஒன்று போனால் மாற்றுவது எளிது, இடம் போதவில்லை என்றால் இன்னொரு ஜோடி சேர்த்துக்கொள்ளலாம், விஎம்களுக்கு வேகமும் நன்றாக இருக்கும்.

நாலைந்து டிஸ்க் இருந்து, வைக்கப்போவது பெரிய பைல்கள் மட்டும் என்றால் ரெய்டுஇசட் (டேட்டாவைப் பல டிஸ்க்கில் பரப்பி, போனதை மீட்க உதவும் பாரிட்டியையும் சேர்த்து எழுதும் முறை) சரியாக வரும். அதன்மேல் விஎம் டிஸ்க் வைத்தால்தான் ஏமாற்றம். விஎம் சின்னச் சின்னத் துண்டாக எழுத, ஒவ்வொரு துண்டுக்கும் பாரிட்டியும் நிரப்பலும் சேர்ந்து, கணக்கில் வந்த இடத்தில் கணிசமான பங்கு காணாமல் போகும். துண்டின் அளவு, அதாவது வால்யூம் பிளாக் சைஸ், 8 கேபியாக இருக்கும் பழைய செட்டப்களில் இது இன்னும் மோசம்.

"இசட்எஃப்எஸ்ஸுக்கு 1 டிபிக்கு 1 ஜிபி ரேம் வேணுமாமே? ஈசிசி ரேம் இல்லாம போடக் கூடாதாமே?"

இரண்டும் கட்டாயம் இல்லை. அந்த 1-க்கு-1 கணக்கு பெரிய சர்வர்களுக்குச் சொல்லப்பட்டது. இசட்எஃப்எஸ் காலியாக இருக்கும் ரேமை கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், உச்சவரம்பு நாம் வைக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது மொத்த ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று அதுவே வரம்பு வைத்துவிடுகிறது. 16 ஜிபி ரேம் உள்ள பெட்டியில் நிம்மதியாக ஓடும். ஈசிசி (தன் பிழையைத் தானே திருத்தும் ரேம்) கிடைத்தால் நல்லது, இல்லை என்பதற்காக இசட்எஃப்எஸ்ஸை விட வேண்டாம். செக்சம் வைத்து, டிஸ்க்கில் கெட்டுப்போன பைலைக் கண்டுபிடித்துச் சொல்வதே பெரிய உதவி. டெபியனில் மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு ஸ்க்ரப் (முழு பூலையும் படித்துச் சரிபார்ப்பது) தானாக ஓடும், அதன் முடிவு உங்கள் மெயிலுக்கு வருகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"500 ஜிபி எஸ்எஸ்டில விஎம்களுக்கு மொத்தம் 900 ஜிபி கொடுத்திருக்கேன். ஓடுதே, பிரச்சினை வருமா?"

வரும், நிரம்பும் நாளில். தின் ப்ரொவிஷனிங்கில் (எழுத எழுத மட்டும் இடத்தை ஒதுக்கும் முறை) ஒவ்வொரு விஎம்மும் தன்னிடம் நிறைய இடம் இருப்பதாக நம்பி எழுதிக்கொண்டே போகும். கீழே எல்விஎம்-தின் பூல் (அப்படி ஒதுக்கித் தரும் உண்மையான இடம்) நிரம்பினால் எழுதுவது பாதியில் நின்று, விஎம்முக்குள் இருக்கும் பைல்சிஸ்டமே சிதைய வாய்ப்பு உண்டு. விஎம் டிஸ்க்கில் டிஸ்கார்டை டிக் செய்து, உள்ளே டிரிம் ஓட விடுங்கள், அழித்த இடம் திரும்பி வரும். பூல் 80 சதவீதம் தாண்டினால் அலர்ட் வருகிற மாதிரி ஏதாவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மிரர் இருக்கு. அப்புறம் எதுக்குங்க பேக்கப்?"

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறது. மிரர் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு ஆபத்தை: டிஸ்க் ஒன்று சாவது. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். பவர் சப்ளை வெடித்து இரண்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோவதும் உண்டு. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் சொல்லவே வேண்டாம்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மிரருக்கு வாங்க நினைத்த இரண்டாவது டிஸ்க்கை வேறு பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வையுங்கள். சர்வர் ஒரு நாள் நின்றால் வீட்டில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

"தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன், அது பேக்கப் கணக்குல வராதா?"

வராது. ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நிலையைக் குறித்துவைப்பது, அதே பூலில்தான் இருக்கிறது, பூல் போனால் அதுவும் போகும். ஆனால் அப்டேட் போடும் முன் ஒன்று எடுத்துவைத்தால் சொதப்பும்போது ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வரலாம், அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஸ்னாப்ஷாட்டை இசட்எஃப்எஸ் சென்ட் மூலம் வேறு பெட்டிக்கு அனுப்பினால், போய்ச் சேர்ந்த அந்தப் பிரதி பேக்கப்.

"3-2-1 ங்கறாங்களே, அது என்ன?"

மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய விதி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரிஜினலும் மூன்றில் ஒன்று. ஆகவே நீங்கள் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டியது இரண்டுதான்: வீட்டிலேயே வேறு பெட்டியில் ஒன்று, வெளியூரில் ஒன்று. கடலோரத்தில் இருக்கும் நமக்கு அந்தக் கடைசி "1" தான் முக்கியம், கீழே தனியாக வருகிறது.

"ப்ராக்ஸ்மாக்ஸ்லயே பேக்கப் பட்டன் இருக்கே. பிபிஎஸ் தனியா வேணுமா?"

அந்தப் பட்டன் ஒவ்வொரு முறையும் விஎம்மை முழுசாகச் சுருக்கி ஒரு பைலாக எழுதும். இரண்டு மூன்று சின்ன விஎம் என்றால் அது போதும், யூஎஸ்பி டிஸ்க்கில் வாரம் ஒருமுறை எழுதவிடலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர், அதாவது பிபிஎஸ், துண்டு துண்டாகப் பிரித்து மாறிய துண்டை மட்டும் சேமிக்கும். முப்பது நாள் பேக்கப் வைத்தாலும் இடம் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். பழைய மினி பிசி ஒன்று போதும்.

ப்ரூன் (பழைய பேக்கப்பை நீக்குவது) போட்டும் இடம் குறையவில்லையே என்று நிறைய பேர் பதறுகிறார்கள். ப்ரூன் பட்டியலிலிருந்துதான் நீக்கும். இடம் திரும்புவது கார்பேஜ் கலெக்ஷன் ஓடும்போது, அதுவும் கடைசியாகத் தொட்டு 24 மணி நேரம் 5 நிமிடம் தாண்டிய துண்டுகள் மட்டும். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சேமித்தது கெடவில்லையா என்று பார்க்கும் வெரிஃபை ஜாப் ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

"பிபிஎஸ்ஸ அதே சர்வர்ல ஒரு விஎம்மா போட்டுட்டேன், சரிதானே?"

வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி ஆகிவிடும். சர்வர் செத்தால் பிபிஎஸ்ஸும் செத்துப்போகும், அதை எழுப்பாமல் பேக்கப்பைத் தொட முடியாது. வேறு பெட்டி இல்லவே இல்லை என்றால் டேட்டாஸ்டோரை (பேக்கப்புகள் இருக்கும் இடம்) தனி டிஸ்க்கில் வையுங்கள், அப்போது அந்த டிஸ்க்கை மட்டும் கழற்றி புதிதாகப் போட்ட பிபிஎஸ்ஸில் சேர்த்துவிடலாம்.

"கன்டெய்னர் பேக்கப் வெறும் 2 ஜிபிதான் வருது, உள்ள 600 ஜிபி போட்டோ இருக்கே?"

உடனே சரிபார்க்க வேண்டிய விஷயம் இது. பேக்கப் பச்சை டிக்கோடு முடிந்திருக்கும், உள்ளே போட்டோ இருக்காது. கன்டெய்னரின் ரூட் டிஸ்க் எப்போதும் பேக்கப்பில் சேரும். கூடுதலாகச் சேர்த்த மவுண்ட் பாயின்ட் (கன்டெய்னருக்குள் இணைத்த வேறு இடம்), அதன் செட்டிங்கில் பேக்கப் என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் சேரும். ஹோஸ்ட்டில், அதாவது ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் பெட்டியில், உள்ள ஃபோல்டரை நேராக உள்ளே காட்டும் பைண்ட் மவுண்டாகக் கொடுத்திருந்தால் எதை டிக் செய்தாலும் சேராது. விஎம்மில் இதற்கு நேர்மாறு, சேர்த்த டிஸ்க் எல்லாம் தானாகவே பேக்கப்பில் வரும். ஆனால் சாட்டா கன்ட்ரோலரையே விஎம்முக்குப் பாஸ்த்ரூ செய்திருந்தால் (நேராக ஒப்படைத்திருந்தால்) அதிலுள்ள டிஸ்க்குகள் ஹோஸ்ட்டின் கண்ணுக்கே தெரியாது.

பைண்ட் மவுண்டில் இருக்கும் போட்டோவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ரெஸ்டிக், போர்க் என்ற பேக்கப் மென்பொருள்கள், பிபிஎஸ்ஸின் சொந்த க்ளையன்ட், மூன்றில் எது வசதியோ அது.

"விஎம்குள்ள டேட்டாபேஸ் ஓடிக்கிட்டே இருக்கும்போது பேக்கப் எடுத்தா உருப்படியா இருக்குமா?"

விஎம்முக்குள் க்யூஈஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட்டோடு பேசும் சின்ன மென்பொருள்) போட்டிருந்தால், எடுக்கும் நொடியில் பைல்சிஸ்டத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு எடுக்கும். விண்டோஸில் அதே வேலையை விஎஸ்எஸ் செய்யும். ஏஜென்ட் இல்லை என்றால் கரண்ட் போய் நின்ற மாதிரியான நிலை கிடைக்கும். பெரும்பாலும் எழுந்துவிடும், ஆனால் பெரும்பாலும் என்பதை நம்பி கணக்கை வைக்க முடியாது.

டேட்டாபேஸுக்கு இரவில் ஒரு டம்ப்பும் (முழு டேட்டாவையும் ஒரு பைலாக எழுதுவது) தனியாக எடுத்துவையுங்கள். இம்மிச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போட்டோ ஃபோல்டரை மட்டும் காப்பாற்றினால் படங்கள் மிஞ்சும், ஆல்பம், முகங்களுக்கு வைத்த பெயர் எல்லாம் போய்விடும். அவை டேட்டாபேஸில் இருக்கின்றன.

"கரண்ட் கட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கு, யுபிஎஸ் வேணுமா?"

வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். யுபிஎஸ் மோடு வைத்தால் அது குறையும், ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல அதற்கு வழி கிடையாது. யூஎஸ்பி உள்ள சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி, நட் என்ற மென்பொருளைப் போட்டால், பேட்டரி இறங்கியதும் விஎம்களை ஒழுங்காக நிறுத்திவிட்டு ஹோஸ்ட்டும் அணைந்துகொள்ளும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ் வைப்பவர்கள், இன்வெர்ட்டர் சைன் வேவ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு யுபிஎஸ் பேட்டரி சீக்கிரம் இளைக்கும், வருஷத்துக்கு ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள்.

"நாங்க தேவனாம்பட்டினம், கடல் கிட்ட. உப்புக்காத்து சர்வரைத் தின்னுடுமா?"

மெதுவாகத் தின்னும். தூசியும் உப்பும் சேர்ந்து போர்டில் படிந்தால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கனெக்டர்களில் துரு பிடிக்கும். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டாம், நடு அறையில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சூடாக இருப்பதால் ஈரம் அவ்வளவாகத் தங்காது, மாதக்கணக்கில் அணைத்து வைத்த பெட்டிதான் அதிகம் கெடுகிறது. கழற்றி வைக்கும் பேக்கப் டிஸ்க்கை, இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ஓட்டுங்கள்.

"வெளியூர்ப் பிரதின்னா எங்க வைக்கறது? விழுப்புரத்துல மச்சான் வீடு இருக்கு."

விழுப்புரம் வேண்டாம் என்பேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் மழை, விழுப்புரம் மாவட்டமும் அதே மழையில் மூழ்கியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர் ஓரத்தைப் பிடித்தது. ஒரே புயலில் இரண்டு பிரதியும் மாட்டக் கூடாது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே ஒரு மினி பிசியும் டிஸ்க்கும் வையுங்கள்.

முதல் பிரதியை நெட்டில் அனுப்பாதீர்கள். 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 டிபி போக, ஒரு நொடி நிற்காமல் போனாலும், 44 மணி நேரம் ஆகும். வீட்டிலேயே முழுசாக எழுதி, பொங்கலுக்குப் போகும்போது கையில் எடுத்துப்போங்கள், பிறகு தினமும் போவது கொஞ்சம்தான். வெளியிலிருந்து நேராக எட்டும் ஐபி கிடைக்காத இணைப்பு என்றால், இரண்டு பெட்டியையும் இணைக்கும் டெயில்ஸ்கேல் போதும். அப்படி ஆள் இல்லாதவர்கள் முதல் வகை டேட்டாவை மட்டும் என்க்ரிப்ட் செய்து க்ளவுடில் போடலாம், 300 ஜிபிக்கு ஆகும் மாதச் செலவு தாங்கக்கூடியதுதான்.

வீட்டில் இருக்கும் பெட்டியையும் தரையில் வைக்காதீர்கள். புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாடி இருந்தால் மாடி, இல்லை என்றால் இடுப்புக்கு மேல் ஒரு ஷெல்ஃப்.

"ரான்சம்வேர் வந்தா பேக்கப்பையும் சேர்த்து அழிச்சிடாதா?"

சர்வரிடம் அழிக்கும் உரிமை இருந்தால் அழிக்கும். பிபிஎஸ்ஸில் ரூட் கணக்கைக் கொடுக்காமல், டேட்டாஸ்டோர்பேக்கப் என்ற ரோல் (உரிமை) மட்டும் உள்ள தனி டோக்கனை (உள்நுழைவுக்கான சாவி) கொடுங்கள், அதனால் புதிதாக எழுத முடியும், பழையதை நீக்க முடியாது. ப்ரூன் வேலையை பிபிஎஸ்ஸே செய்யட்டும். வெளியூர்ப் பெட்டி இங்கிருந்து இழுத்துக்கொள்வதாக அமையுங்கள். அதன் பாஸ்வேர்டு வீட்டு சர்வரில் எங்கும் இருக்கக் கூடாது.

"என்க்ரிப்ட் பண்ணிட்டேன். சாவி அந்த சர்வர்லயே இருக்கு, பரவாயில்லையா?"

சர்வர் போனால் சாவி போகும், சாவி போனால் பேக்கப் இருந்தும் பயன் இல்லை. பிபிஎஸ் சாவியைத் தாளில் அச்செடுக்க வசதி இருக்கிறது. இரண்டு தாள் எடுத்து, ஒன்றை வீட்டுப் பத்திரங்களோடும் இன்னொன்றை வெளியூரிலும் வையுங்கள். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எந்த விலாசத்தில் திறப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கும் உதவும்.

"பேக்கப் சரியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ரெஸ்டோர் செய்து பார்த்துத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு விஎம்மை வேறு எண்ணில் ரெஸ்டோர் செய்து, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டும் ஒரே ஐபியில் மோதாமல் இருக்கத்தான் துண்டிப்பது. உள்ளே போய் போன வாரத்துப் போட்டோ ஒன்றைத் திறந்து பாருங்கள். 2 ஜிபி கன்டெய்னர் மாதிரி விஷயங்கள் இப்போதே வெளிவரும். ஹோஸ்ட்டின் சொந்த செட்டிங் விஎம் பேக்கப்பில் வராது என்பதையும் நினைவில் வைத்து, ஈடிசி (/etc) ஃபோல்டரைத் தனியாகக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

"கடையில டாலி இதுலதான் ஓடுது. செத்தா ஒரு மணி நேரத்துல திரும்ப ஓடணும், முடியுமா?"

முடியும், ஆனால் பேக்கப் மட்டும் வைத்து அது உறுதியில்லை. 200 ஜிபி விஎம்மை ஹார்டு டிஸ்க்கில் உள்ள பிபிஎஸ்ஸிலிருந்து கிகாபிட் லைனில் எடுக்கவே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்கு முன் ஓட்டுவதற்கு ஒரு பெட்டி இருக்க வேண்டும். இரண்டு பெட்டியிலும் இசட்எஃப்எஸ் வைத்து, ஒரே க்ளஸ்டரில் (ஒன்றாக நிர்வகிக்கும் குழுவில்) சேர்த்து, ப்ராக்ஸ்மாக்ஸின் ரெப்ளிகேஷனைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால், இரண்டாவது பெட்டியில் விஎம் டிஸ்க் தயாராக இருக்கும். இரண்டு பெட்டி மட்டும் உள்ள க்ளஸ்டரில் ஒன்று செத்தால் மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு இருக்காது, எதையும் ஸ்டார்ட் செய்ய விடாது. ராஸ்பெர்ரி பை ஒன்றில் க்யூடிவைஸ் போட்டு மூன்றாவது வாக்கைக் கொடுத்துவிடுங்கள்.

ரெப்ளிகேஷனும் மிரர் மாதிரிதான், தவறாக அழித்த கணக்கு பதினைந்து நிமிடத்தில் அங்கேயும் அழிந்திருக்கும். ஆகவே மேலே சொன்ன பிபிஎஸ்ஸும் வெளியூர்ப் பிரதியும் இதோடு சேர்ந்தே இருக்கட்டும். டாலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் தினமும் கடை மூடும் நேரத்தில் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பைல்தான், அவசரத்துக்கு ஏதாவது ஒரு லேப்டாப்பில் டாலியைப் போட்டு பில் அடிக்கத் தொடங்கிவிடலாம்.